ஒட்டகத் திமில்ல இருந்து ஆழ்கடல் மீன் வரைக்கும்: தகவமைப்பு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஸ்கூல்ல தகவமைப்புன்னு ஒரு பாடம் எல்லாரும் படிச்சிருப்போம். ஒட்டகம் பாலைவனத்துக்கு, பனிக்கரடி பனிக்கு, கள்ளி வறண்ட நெலத்துக்குன்னு நாலு படம் போட்டு முடிச்சிருவாங்க. உண்மையான கேள்வியெல்லாம் அதுக்கப்புறம்தான் வரும். அப்படி திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளத்தான் இங்க சேத்து வெச்சிருக்கேன். ஒன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், பாதி பதில்ல "சரி, இதுக்கு அது என்ன விலை குடுத்துச்சு"ன்னு நான் நோண்டிக்கிட்டே இருப்பேன், ஏன்னா பாடத்துல விட்டுப்போறது அதுதான்.

கேள்வி: மிருகங்க தானா யோசிச்சு உடம்ப மாத்திக்குதா?

இல்லவே இல்ல. இந்தக் குழப்பத்துக்கு பாதி காரணம் நம்ம பேச்சு. "கள்ளி இலைய முள்ளா மாத்திக்கிச்சு"ன்னு சொன்னா, ஏதோ கள்ளி ஒரு நாள் உக்காந்து முடிவெடுத்த மாதிரி கேக்குது. நடக்கறது வேற. ஒரே இனத்துல பொறக்கற எல்லாமே ஒரே அச்சுல இருக்காது, ஒன்னுக்கு முடி கொஞ்சம் அடர்த்தி, இன்னொன்னுக்கு காது கொஞ்சம் சின்னது, இந்த வித்தியாசத்துல நெறைய மரபணு வழியா வர்றது. குளிர் எடத்துல அடர்த்தி முடி உள்ளது கொஞ்சம் கூடுதலா பொழைக்கும், கூடுதலா குட்டி போடும், குட்டிக்கும் அதே முடி வரும், இப்படியே தலைமுறை தலைமுறையா ஓடுனா கடைசியில மொத்த கூட்டமே அடர்த்தி முடியோட நிக்கும். மாறுனது கூட்டம்தான், தனி மிருகம் இல்ல. இதத்தான் இயற்கைத் தேர்வுன்னு சொல்றோம், டார்வின், வாலஸ் ரெண்டு பேரோட கட்டுரைகளும் 1858-ல ஒன்னாத்தான் படிக்கப்பட்டுச்சு.

அதுக்கு முன்னாடி 1809-ல லமார்க்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி, ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டி இலை தின்னதால கழுத்து நீண்டு அதுவே குட்டிக்கும் போச்சுன்னு எழுதுனாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, இன்னைக்கும் நெறைய பேரு மனசுல இருக்கறது இந்தக் கதைதான். ஆனா ஜிம்முக்குப் போயி கை பெருத்தவருக்கு பொறக்கற கொழந்த பெருத்த கையோடவா பொறக்குது?

கேள்வி: உயரமான மலைக்குப் போனா கொஞ்ச நாள்ல உடம்பு பழகிடுதே, அது தகவமைப்பு இல்லையா?

அது பழக்கப்படறது. மேல காத்துல ஆக்சிஜன் கம்மிங்கறதால உடம்பு சிவப்பணுவ கூட்டும், கீழ எறங்கி கொஞ்ச வாரம் ஆனா பழையபடி ஆயிடும், பிள்ளைங்களுக்கு போகாது. தகவமைப்புன்னா பொறக்கும்போதே கூட வரணும்.

கேள்வி: ஒட்டகத்தோட திமில்ல தண்ணிதான இருக்கு?

இல்ல, கொழுப்பு. இந்தத் தப்பு மட்டும் எவ்ளோ சொன்னாலும் போக மாட்டேங்குது. கொழுப்ப ஏன் ஒரே எடத்துல குமிச்சு வெச்சிருக்குன்னா, அது உடம்பு பூரா தோலுக்கடியில பரவியிருந்தா கம்பளி போத்துன மாதிரி ஆயி உடம்புச் சூடு வெளிய போக வழியில்லாம போயிடும்.

தண்ணி விஷயத்துல ஒட்டகத்தோட சாமர்த்தியம் வேற எடத்துல இருக்கு. நமக்கு உடம்புச் சூடு ரெண்டு டிகிரி ஏறுனாலே காய்ச்சல்னு படுத்துருவோம். தண்ணி கெடைக்காத ஒட்டகத்துக்கு விடியக்காலையில 34 டிகிரி செல்சியஸ் கிட்ட இருக்கும், சாயங்காலம் 40-ஐ தாண்டும், அது பாட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கும். பகல் பூரா வேர்த்து உடம்ப ஆத்தறதுக்குப் பதிலா சூட்ட உள்ளயே சேத்து வெச்சு ராத்திரி குளிர்ல வெளிய விட்டுருது, வேர்வையா போயிருக்க வேண்டிய தண்ணி மிச்சம். 1950-கள்ல ஷ்மிட்-நீல்சன்ங்கற விஞ்ஞானி சகாராவுக்கே போயி இத அளந்தாரு. அவரு ஒரு ஒட்டகத்துக்கு முடிய வழிச்சுவிட்டுப் பாத்தா அது தண்ணிய ஒன்றரை மடங்கு எழந்துச்சு. அதாவது அந்த கனத்த முடி வெயிலத் தடுக்கற கொடை. பாலைவனத்துல எதுக்கு கம்பளிக் கோட்டுன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில்.

தண்ணி கெடச்சிருச்சுன்னா கால் மணி நேரத்துக்குள்ள 100 லிட்டர் வரைக்கும் இழுத்துரும். வேற மிருகம் இப்படிக் குடிச்சா ரத்தம் திடீர்னு நீர்த்துப்போயி சிவப்பணு வெடிக்கும். ஒட்டகத்தோட சிவப்பணு முட்டை வடிவம், நல்லா ஊதிப்போனாலும் தாங்கும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒன்னு இருக்கு. ஒட்டகக் குடும்பம் தோன்றுனது பாலைவனத்துலயே இல்ல, வட அமெரிக்காவுல. கனடாவோட வடகோடியில எல்ஸ்மியர் தீவுல சுமார் 35 லட்சம் வருஷம் பழைய ஒட்டக எலும்பு கெடச்சதா 2013-ல அறிவிச்சாங்க, அப்போ அங்க காடு, நீண்ட குளிர்காலம், மாசக்கணக்குல இருட்டு. திமில், அகலப் பாதம்லாம் மொதல்ல பனிக்காலத்துக்கு ஒதவுனதா இருக்கலாம்னு ஒரு ஊகம். மணலுக்காகவே செஞ்சதுன்னு நாம நெனக்கறது பனியில நடந்த காலோட மிச்சமா இருந்தாலும் இருக்கும்.

கேள்வி: தண்ணியே குடிக்காம ஒரு மிருகம் வாழ முடியுமா?

முடியும். வட அமெரிக்கப் பாலைவனத்துல கங்காரு எலின்னு ஒன்னு இருக்கு, கங்காருவுக்கும் அதுக்கும் சொந்தம் இல்ல, தத்தித் தத்திப் போறதால அந்தப் பேரு. காஞ்ச விதைதான் சாப்பாடு. சாப்பாடு செரிச்சு எரியும்போது உடம்புக்குள்ளயே கொஞ்சம் தண்ணி உண்டாகும், நமக்கும்தான் உண்டாகுது, ஆனா நமக்குப் பத்தாது, அதுக்குப் பத்தும். ஏன்னா அது சிறுநீர ரொம்பவே கெட்டியாக்கித்தான் வெளிய விடும், பகல்ல வளைக்குள்ளயே கெடக்கும், மூச்சுல போற ஈரத்தக்கூட மூக்குக்குள்ளயே குளிரவெச்சு திரும்பப் பிடிச்சுக்கும்.

ஆப்பிரிக்காவோட நமீப் பாலைவனத்துல ஒரு வண்டு இன்னும் ஒரு படி மேல. கடல்ல இருந்து மூடுபனி வர்ற காலையில மணல்மேட்டு உச்சிக்கு ஏறி தலைய கீழ வெச்சு பின்பக்கத்த தூக்கிக்கிட்டு நிக்கும், பனி முதுகுல துளியாச் சேந்து வழிஞ்சு நேரா வாய்க்கு வரும்.

கேள்வி: கள்ளிக்கு இலை இல்லன்னா சாப்பாடு எப்படி செய்யுது?

தண்டுலதான். பச்சையா இருக்கறது பூரா தண்டு, இலைதான் முள்ளா போயிடுச்சு. ஆனா கள்ளியோட உண்மையான வித்தை கண்ணுக்குத் தெரியாது. செடிக்கெல்லாம் ஒரு தலைவலி இருக்கு, கார்பன் டை ஆக்சைடு உள்ள வரணும்னா இலைத்துளைய தெறக்கணும், தெறந்தா தண்ணி ஆவியா போயிடும். மத்த செடி பெரும்பாலும் பகல்ல தெறக்குது, கள்ளி ராத்திரிதான் தெறக்கும். ராத்திரி வாங்குன கார்பன் டை ஆக்சைட அமிலமா மாத்தி சேத்து வெச்சுக்கிட்டு, பகல்ல கதவச் சாத்திட்டு வெயில வெச்சு சமைக்கும்.

விலை? வளர்ச்சி. சேத்து வெக்க எடம் கொஞ்சம்தான், அதனால செய்யற சாப்பாடும் கொஞ்சம்தான். அமெரிக்காவோட சொனோரா பாலைவனத்துல இருக்கற சகுவாரோ கள்ளி மொத எட்டு வருஷத்துல மூணு நாலு சென்டிமீட்டர்தான் வளரும், பக்கத்துல ஒரு கிளை விட அம்பது எழுபது வருஷம் ஆகும்.

இன்னொன்னு, ஆப்பிரிக்காவுல அச்சு அசல் கள்ளி மாதிரியே நிக்கற யூஃபோர்பியாக்கள பாத்து அதுவும் கேக்டஸ்னு நெனச்சுக்காதீங்க, அது வேற குடும்பம், ஒடச்சா பால் வரும். ஒரே மாதிரி வறட்சி ரெண்டு கண்டத்துல ரெண்டு குடும்பத்த ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்துருக்கு.

கேள்வி: பனிக்கரடி ஏன் பெங்குவின சாப்பிடறதில்ல?

ஒன்னு வட துருவத்துப் பக்கம், இன்னொன்னு கிட்டத்தட்ட எல்லாமே பூமத்திய ரேகைக்குத் தெக்க. பாத்துக்கிட்டாத்தானே சாப்பிட.

கேள்வி: பனிக்கரடி முடி வெயில தோலுக்கு பைப் மாதிரி கொண்டுபோகும்னு படிச்சேன், நெஜமா?

ரொம்ப நாள் சுத்துன கதை. முடி நெறமில்லாதது, உள்ள காலியான குழல் மாதிரி, வெளிச்சத்த சிதறடிக்கறதால வெள்ளையா தெரியுது, அடியில தோல் கறுப்பு, இது வரைக்கும் சரி. ஆனா முடி வழியா வெளிச்சம் தோல் வரைக்கும் போகுதான்னு 1990-கள்ல அளந்து பாத்தப்போ கிட்டத்தட்ட ஒன்னுமே போகலன்னு தெரிஞ்சிருச்சு. கதகதப்பு வர்றது அடர்த்தியான முடியும் அதுக்குக் கீழ பத்து சென்டிமீட்டர் வரைக்கும் போற கொழுப்பும் சேந்துதான். இவ்ளோ போத்திக்கிட்டிருக்கறதால அது வேகமா ஓடுனா சீக்கிரமே சூடேறித் தவிக்கும்.

கேள்வி: பெங்குவின் பனிமேல வெறுங்காலோட நிக்குதே, கால் உறைஞ்சு போகாதா?

காலுக்குப் போற சூடான ரத்தக் குழாயும் கால்ல இருந்து திரும்பற குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டி ஒட்டிப் போகும். எறங்கற ரத்தம் தன் சூட்ட ஏர்ற ரத்தத்துக்குக் குடுத்துட்டு ஆறிப்போயித்தான் பாதத்துக்கு வரும். பாதம் உறையற அளவுக்கு சற்றே மேல இருக்கும், அவ்ளோதான், அதுக்கு மேல சூடு வெச்சா பனிக்குத் தானம் பண்ண மாதிரி.

எம்பரர் பெங்குவின் இதோட நிக்கல. அண்டார்டிகாவோட நடுக் குளிர்காலத்துல ஆண்தான் முட்டைய பாதத்து மேல வெச்சு ரெண்டு மாசத்துக்கும் மேல அடைகாக்கும், எல்லாம் நெருக்கி ஒட்டிக்கிட்டு நின்னு, ஓரத்துல இருக்கறது மெல்ல உள்ள போக உள்ள இருக்கறது வெளிய வர சுத்திக்கிட்டே இருக்கும். ஜோடி சேர வந்ததுல இருந்து பெண் திரும்பற வரைக்கும் கிட்டத்தட்ட நாலு மாசம் பட்டினி.

கேள்வி: உறைஞ்சு போன தவளை திரும்ப உயிரோட வருமாமே?

வட அமெரிக்காவோட வுட் ஃப்ராக்ங்கற தவளைதான் அது, அலாஸ்கா வரைக்கும் இருக்கு. குளிர்காலத்துல காஞ்ச இலைக்கு அடியில கெடந்து நெசமாவே உறைஞ்சிரும், உடம்புத் தண்ணியில மூணுல ரெண்டு பங்கு ஐஸ், இதயம் நின்னுரும், மூச்சும் இல்ல, எடுத்துத் தட்டுனா கல்லு மாதிரி இருக்கும். சூட்சுமம் என்னன்னா ஐஸ் செல்லுக்கு வெளியதான் உண்டாகும். உறைய ஆரம்பிச்ச ஒடனே கல்லீரல் சர்க்கரைய ரத்தத்துல கொட்டும், அது செல்லுக்குள்ள போயி உள்ள இருக்கற தண்ணி உறையாம பாத்துக்கும். வசந்தம் வந்தா உருகி, இதயம் துடிச்சு, ஜோடி தேடக் கெளம்பிரும்.

அண்டார்டிகா கடல் மீனுக்கு வேற வழி. கடல் தண்ணி மைனஸ் 1.9 டிகிரி கிட்டதான் உறையும், மீனோட ரத்தம் அதுக்கு முன்னாடியே உறைஞ்சிரணும், ஆனா உறையல. ஐஸ் துணுக்கு மேல போயி ஒட்டிக்கிட்டு அத வளர விடாம தடுக்கற ஒரு புரதம் ரத்தத்துல இருக்குன்னு 1960-கள்ல ஆர்தர் டிவ்ரீஸ் கண்டுபிடிச்சாரு. வடக்க ஆர்க்டிக் காட் மீன்லயும் கிட்டத்தட்ட அதே புரதம், ஆனா தனியா வேற வழியில வந்தது. அண்டார்டிகாவுல ஐஸ்ஃபிஷ்னு ஒரு குடும்பத்துக்கு ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கற ஹீமோகுளோபினே கெடையாது, ரத்தம் தண்ணி மாதிரி இருக்கும். குளிர்ந்த தண்ணியில ஆக்சிஜன் நெறைய கரையும்ங்கறதால ஓட்டிருது, பெரிய இதயம், நெறைய ரத்தம் வெச்சு சமாளிக்குது. தண்ணி கொஞ்சம் சூடாச்சுன்னா கஷ்டம்தான், வேற போக்கெடம் இல்ல.

கேள்வி: ஆழ்கடல் மீனு அழுத்தத்துல ஏன் நசுங்கல?

நசுங்கறது காத்து இருக்கற எடம்தான். ஆழத்து மீனுல பலதுக்கு காத்துப்பையே இல்ல, உடம்பு பூரா தண்ணியும் கூழும், தண்ணிய அழுத்துனா அவ்ளோ சுருங்காது. உண்மையான ஆபத்து புரதத்துக்கு, அதிக அழுத்தத்துல புரதம் வடிவம் கெட்டு வேலை செய்யாம போகும். அதத் தடுக்க டிஎம்ஏஓன்னு ஒரு பொருள் செல்லுல சேத்து வெச்சிருக்கும், ஆழம் கூடக் கூட அது கூடும். மீன் வாடைன்னு நாம சொல்றது, மீன் செத்ததுக்கப்புறம் இதே பொருள் சிதைஞ்சு வர்றதுதான். ஆனா இத எவ்ளோ வேணா ஏத்த முடியாது, ஒரு அளவுக்கு மேல போனா உடம்புக்குள்ள கடல்தண்ணி தானா புகுந்துக்கிட்டே இருக்கும். அந்தக் கணக்குப்படி மீனுக்கு எல்லை சுமார் 8200-ல இருந்து 8400 மீட்டர்னு 2014-ல சொன்னாங்க. 2022-ல ஜப்பானுக்குத் தெக்க இசு-ஒகசவாரா அகழியில ஸ்நெயில்ஃபிஷ்ங்கற ஒரு மீன கேமராவுல பிடிச்சாங்க, ஆழம் 8336 மீட்டர். கணக்கு எவ்ளோ கிட்ட வந்துருக்கு பாருங்க.

உலகத்துலயே அசிங்கமான மீனுன்னு போட்டோ சுத்துற ப்ளாப்ஃபிஷ் பாவம், அதோட எடத்துல அது சாதாரண மீன் மாதிரிதான் இருக்கும். மேல இழுத்துட்டு வந்து அழுத்தம் போனதால கூழா தொங்குது, அத வெச்சு கிண்டல் பண்றோம்.

கேள்வி: வெயிலே போகாத எடத்துல சாப்பாடு எங்கிருந்து?

பெரும்பாலும் மேல இருந்து விழற மிச்சம் மீதிதான். ஆனா 1977-ல பசிபிக் கடல்ல கலபகோஸ் தீவுங்க பக்கத்துல கடலடியில வெந்நீர் ஊத்து பக்கம் பெரிய பெரிய குழாய்ப்புழு கூட்டமா இருந்தத பாத்தப்போ எல்லாரும் அசந்துட்டாங்க. ரெண்டு மீட்டர் வரைக்கும் வளரும், வாய் இல்ல, குடல் இல்ல. உடம்புக்குள்ள குடியிருக்கற பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைட வெச்சு சாப்பாடு செய்யுது, புழு அதுக்கு ரத்தம் மூலமா சரக்கு அனுப்புது. நமக்கு விஷம், அதுக்கு அடுப்பு.

கேள்வி: அலையாத்தி மரம் உப்புத்தண்ணியில எப்படி நிக்குது?

சுரபுன்னை மாதிரி சிலது வேர்லயே உப்ப பெரும்பாலும் வடிகட்டிரும், அவிசென்னியா மாதிரி சிலது உள்ள விட்டு இலை வழியா கக்கும், இலைய நக்கிப் பாத்தா கரிக்கும். சேத்துல காத்தே கெடையாதுங்கறதால அவிசென்னியா வேர் பென்சில் குத்தி வெச்ச மாதிரி மண்ணுக்கு மேல வந்து மூச்சு வாங்கும். சுரபுன்னையில விதை மரத்துலயே முளைச்சு நீளமா தொங்கிட்டுத்தான் கீழ விழும், அலையில அடிச்சுட்டுப் போறதுக்குள்ள வேர் பிடிக்க ஒரு முன்கூட்டிய தொடக்கம்.

கேள்வி: பூச்சி தின்னுற செடிக்கு வெயில் பத்தலயா?

வெயில் போதும், மண்ணுலதான் நைட்ரஜன் இல்ல. பூச்சி அதுக்கு உரம். பொறி செய்யற இலை ஒளிச்சேர்க்கையில மட்டம், அதனால நல்ல மண்ணுல சாதாரண செடிங்ககூட போட்டி போட்டா இது தோத்துரும். போர்னியோ மலையில ஒரு குடுவைச் செடி பூச்சிய பெருசா நம்பறதே இல்ல, ட்ரீ ஷ்ரூன்னு அணில் மாதிரி ஒரு பிராணி மூடியில இருக்கற இனிப்ப நக்கிக்கிட்டே குடுவைக்குள்ள கக்கா போயிட்டுப் போகும், செடிக்கு அதுதான் சாப்பாடு. சிரிக்காதீங்க, ரெண்டுக்கும் லாபம்.

கேள்வி: இதெல்லாம் நடக்க லட்சக்கணக்கான வருஷம் ஆகணுமா?

சில சமயம் ஒரே வறட்சி போதும். கலபகோஸ்ல டாஃப்னி மேஜர்னு ஒரு குட்டித் தீவுல பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி பல வருஷம் குருவிகள அளந்துக்கிட்டிருந்தாங்க. 1977-ல மழை ரொம்பவே கம்மி, சின்ன விதை தீந்துபோச்சு, கெட்டியான பெரிய விதைதான் மிச்சம், பெரிய அலகு இருந்ததுங்கதான் அதிகமா பொழச்சுது, அடுத்த தலைமுறைக்கும் சராசரி அலகு பெருசு. அப்புறம் 1983-ல கொட்டித் தீத்த மழையில சின்ன விதை நெறைய வந்ததும் கதை திரும்பி, சின்ன அலகுக்கு லாபம்.

மொசாம்பிக்ல கோரோங்கோசா யானைங்க கதை இன்னும் வலிக்கும். 1977-ல இருந்து 1992 வரைக்கும் நடந்த உள்நாட்டுப் போர்ல தந்தத்துக்காக பத்துல ஒம்பது யானைய கொன்னுட்டாங்க. போருக்கு முன்னாடி பெண் யானையில அஞ்சுல ஒன்னுக்கும் கம்மியாத்தான் தந்தம் இல்லாதது, போருக்கப்புறம் பாதி. தந்தமில்லாததுதான் தப்பிச்சுது, அந்த மரபணுதான் அடுத்த தலைமுறைக்குப் போச்சு. 2021-ல வந்த ஆய்வுப்படி அந்த மரபணு வந்த ஆண் குட்டி கருவுலயே செத்துரும்னு தெரியுது. துப்பாக்கிக்கிட்ட இருந்து தப்பிக்க அந்தக் கூட்டம் குடுத்த விலை அது.

கேள்வி: அப்போ காலநிலை மாறுனாலும் எல்லாம் மாறிக்கும்தான, எதுக்கு பயம்?

வேகம்தான் பிரச்சினை. சீக்கிரம் சீக்கிரம் குட்டி போடற பூச்சிக்கும் பாக்டீரியாவுக்கும் சரி, பத்து வருஷத்துக்கு ஒரு தலைமுறைங்கற மிருகத்துக்கு அவகாசமே கெடையாது. வட அமெரிக்காவோட ஸ்னோஷூ முயல் குளிர்காலத்துல வெள்ளையாவும் கோடையில பழுப்பாவும் மாறும். மாத்தறது பனி இல்ல, பகல் நேரத்தோட நீளம். இப்போ பனி லேட்டா வந்து சீக்கிரம் உருகுது, பகல் நீளம் மாறல, அதனால வெள்ளை முயல் பழுப்புத் தரையில பல்பு மாதிரி பளிச்சுன்னு உக்காந்திருக்கு, புடிச்சுத் தின்னறவனுக்குக் கொண்டாட்டம். பசிபிக் கரையோரத்துல மட்டும் சிலது குளிர்காலத்துலயும் பழுப்பாவே இருக்கும், அந்த மரபணு வேற ஒரு முயல் இனத்தோட கலந்ததுல வந்ததுன்னு 2018-ல கண்டுபிடிச்சாங்க. அப்படி கையில ஏற்கனவே சரக்கு இருந்தா தப்பிக்கலாம், இல்லாததுக்கு வேண்டும்போது புதுசா செஞ்சுக்க முடியாது.

கேள்வி: மனுஷன் தகவமைச்சுக்கறது நின்னு போச்சா?

நிக்கல. திபெத்தியர்ல பெரும்பாலானவங்ககிட்ட இபிஏஎஸ்1-ங்கற மரபணுவோட ஒரு தனி வடிவம் இருக்கு, உயரத்துல ரத்தம் ரொம்பக் கெட்டியாகாம பாத்துக்கும், அது டெனிசோவன்னு அழிஞ்சுபோன மனித இனத்துக்கிட்ட இருந்து வந்ததுன்னு 2014-ல தெரிஞ்சுது. தென்கிழக்கு ஆசியாவுல தலைமுறையா மூச்சடக்கி முக்குளிச்சு மீன் பிடிக்கற பஜாவ் மக்களோட மண்ணீரல், பக்கத்துல தரையில வாழறவங்களத விட சராசரியா ஒன்றரை மடங்கு பெருசு. முங்கும்போது அது சுருங்கி ஆக்சிஜன் உள்ள ரத்தத்த வெளிய தள்ளும்.

கேள்வி: கடைசியா ஒன்னு, எல்லாத்துலயும் பெஸ்ட் எது? நீர்க்கரடிதான?

இந்தக் கேள்வி வராத நாளே இல்ல. டார்டிகிரேட்னு சொல்ற நீர்க்கரடி ஒரு மில்லிமீட்டர்கூட வராது பலது, பாசியிலயும் ஈரத்துலயும் இருக்கும். 2007-ல ஃபோட்டான் விண்கலத்துல வெச்சு பத்து நாள் விண்வெளியில விட்டாங்க, வெற்றிடத்த நெறைய தாங்குச்சு, சூரியனோட புற ஊதாக் கதிரும் சேந்தப்போ சொற்பம்தான் பொழச்சுது. ஆனா அது விண்வெளியில வாழல. காஞ்சதும் காலெல்லாம் உள்ள இழுத்து சின்ன உருண்டையா சுருங்கிரும், அந்த நெலமையில சாப்பிடாது, நடக்காது, முட்டை போடாது, தண்ணி வர்ற வரைக்கும் அப்படியே கெடக்கும்.